பேசாத கைப்பேசி

வீட்டிலே ஒரு பண்டம் பழுதாகிவிட்டால் அதை உடனே குப்பையில் எறிவது நம் நாட்டு வழக்கமன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினோம். கிழிந்த வேஷ்டியைத் துண்டாக்கினோம். துண்டு நைந்த பிறகு அது கரித்துணியாயிற்று. குடைக்கம்பி மாற்றுகிறவர் தெருவோடு கூவிக்கொண்டு வந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால், கைப்பேசி ஒன்று பேச மறுத்தால் மட்டும் நாம் திகைத்து நின்றுவிடுகிறோம். எங்கே தைப்பது? எதைப் பூசுவது? ஒன்றும் விளங்காமல் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிடுகிறோம். அப்படி ஒன்றிரண்டு கைப்பேசிகள் உறங்காத வீடு இன்று அருமை.

உறங்கிய கைப்பேசி ஒன்றைக் கம்ப்யூட்டரின் துணை கொண்டு எழுப்பிய வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகிறோம். இது நம் வீட்டுக் கதைதான். ஆயினும் இதில் அடங்கிய பாடம் எல்லா வீட்டுக்கும் பொது.

இழுப்பறையில் ஒரு குரல்

நம் வீட்டில் இருந்தது நெக்ஸஸ் 6 என்னும் கைப்பேசி. கூகிள் நிறுவனத்துக்காக மோட்டோரோலா செய்து கொடுக்க, 2014-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ஏறக்குறைய 6 அங்குலத் திரை. சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே எட்டிப் பார்க்கும். 2017-ஆம் ஆண்டில் ஒருநாள் இரவு, புதிய மென்பொருள் வந்திருப்பதாகத் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. சார்ஜரில் மாட்டிய பிறகே இத்தகைய காரியத்தைத் தொடங்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. பிறருக்கு விதிகளைப் போதிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் அன்று நமக்கு அதைப் போதித்துக்கொள்ளவில்லை. வேலை பாதியில் இருக்கும்போது பாட்டரி தீர்ந்து போயிற்று. மறுநாள் எழுப்பிப் பார்த்தால், வண்ணப் புள்ளிகள் நான்கு சுற்றிச் சுற்றி வந்தனவே ஒழிய, கைப்பேசி கண் விழிக்கவில்லை. குற்றம் முழுவதும் நம்முடையதே.

வேறொரு கைப்பேசி வாங்கினோம். பழையது இழுப்பறைக்குள் போயிற்று. ஆண்டுகள் பல சென்றன.

சென்ற ஆண்டு நம் தாயார் காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்த உறவினரும் ஊர் திரும்பிய ஒரு மாலையில், நம் புதல்வி அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பாட்டி எனக்குத் தாலாட்டுப் பாடினதை அந்தப் பெரிய போனிலேதானே பிடித்து வைத்தீர்கள்?" என்று கேட்டாள்.

நமக்குச் சுருக்கென்றது. ஆம், பதினொரு நிமிஷப் பாட்டு. தாயாரின் தாயார் பாடிய பாட்டு அது. ஏட்டிலும் இல்லை, அச்சிலும் இல்லை. அதற்கு வேறு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற புத்தி அன்று நமக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் கேட்ட கேள்வி

மறுநாளே கைப்பேசியைக் கடைவீதிக்கு எடுத்துச் சென்றோம். பழுது பார்க்கும் இளைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸார், இதற்குப் புதிதாக ஸாஃப்ட்வேர் போட வேண்டும். அரை மணியில் ஆகிவிடும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பரவாயில்லையா?"

"தம்பி, உள்ளே இருப்பதுதான் வேண்டும். போன் வேண்டியதில்லை."

"அப்படியானால் கஷ்டம், ஸார்."

"நினைவுச் சில்லை மட்டும் தனியே கழற்றி எடுத்து, அதிலிருந்து படிக்க முடியாதா?"

"இந்த மாடலில் பிரயோஜனமில்லை, ஸார். உள்ளே எல்லாம் பூட்டித்தான் எழுதியிருக்கும்."

அவர் சொன்னது உண்மையே. நெக்ஸஸ் 6 தொழிற்சாலையை விட்டு வரும்போதே அதன் நினைவகம் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டு வந்தது. அந்தக் குறியை அவிழ்க்கும் திறவுகோலோ அதே கைப்பேசியின் மின் உறுப்புகளோடு பிணைக்கப்பட்டது. ஆகையால், சில்லை மட்டும் பெயர்த்தெடுத்தால் புரியாத எழுத்துக் குவியலே மிஞ்சும். கைப்பேசி உயிரோடு எழுந்தால்தான் குரல் கிடைக்கும்.

அந்த இளைஞருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். அழிப்பதற்கு முன்னால் "பரவாயில்லையா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால், கைப்பேசி பளபளவென்று திரும்பி வந்திருக்கும், தாயார் திரும்பியிருக்கமாட்டார்.

ஃபர்ம்வேர் என்பது யாது?

நேயர்கள் சற்றுப் பொறுமையோடு இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். இது விளங்கினால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

கருவியின் உடல் ஹார்ட்வேர். அதன் அறிவு ஸாஃப்ட்வேர். இரண்டுக்கும் நடுவே, உடலோடு ஒட்டிக் கருவியை இயக்கும் அறிவுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். ஆஷர் ஆப்ளர் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிபுணர் 1967-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் இச்சொல்லை வழங்கினார். அவர் கருதியது வேறு வகை யந்திரத்தை. இன்று கைப்பேசிக்கும் அச்சொல்லே நிலைத்துவிட்டது. இக்காலத் தமிழில் நிலைபொருள் என்றும் சொல்லுகிறார்கள்.

கைப்பேசியின் நினைவகத்தை ஒரு வீடாகப் பாவித்துக்கொள்வோம். அதில் பல அறைகள் உண்டு. வாயிற்காவலன் இருக்கும் திண்ணைக்குப் பூட்லோடர் என்று பெயர். பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பவன் இவனே. பக்கத்திலே ஒரு சிறு வைத்திய அறை. அதற்கு ரிகவரி என்று பெயர். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாவிட்டால் மட்டும் அது திறக்கும். பெரிய கூடத்துக்கு ஸிஸ்டம் என்று பெயர். ஆண்ட்ராய்ட் என்னும் இயங்குதளம் அங்கே குடியிருக்கிறது. கடைசியாக, நம் படங்களும் கடிதங்களும் குரல்களும் வைத்திருக்கும் உள்ளறை ஒன்று உண்டு. அதை யூஸர் டேட்டா என்பார்கள்.

2017-ல் பாட்டரி தீர்ந்தபோது நடந்தது என்ன? கூடத்தைப் புதுப்பிக்க வந்த கொத்தனார் சுவரைப் பாதி இடித்துப் பாதி கட்டிய நிலையில் விளக்கு அணைந்துவிட்டது. இடிந்தது கூடந்தான். உள்ளறைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால், கூடத்தின் வழியாக அன்றி உள்ளறைக்குச் செல்ல வழியில்லை! இந்த உண்மை புலப்பட்டதும் நமக்குப் பாதித் துயரம் தீர்ந்தது. கூடத்தை மட்டும் திரும்பக் கட்டுவதற்கு வழி உண்டா என்று பார்க்க வேண்டியதுதானே!

இரண்டு வழிகள்

நெக்ஸஸ் கைப்பேசிகளுக்குரிய மென்பொருளைக் கூகிள் நிறுவனம் இரண்டு வடிவங்களில் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கியிருக்கிறது.

முதலாவது, ஃபாக்டரி இமேஜ். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் கைப்பேசி எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடும் மொத்தத் தொகுப்பு இது. இதை எழுதுவதற்கு வாயிற்காவலன் தன் பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டைத் திறந்தால் அக்கணமே உள்ளறை முழுவதும் துடைக்கப்படும். இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் காரணம் நியாயமானது. கைப்பேசியைத் திருடியவன் காவலனை வசப்படுத்தி, நம் கடிதங்களைப் படித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கடைகளில் பெரும்பாலும் கையாளுவது இத்தகைய வழியையே.

இரண்டாவது, முழு ஓ.டி.ஏ. தொகுப்பு. சாதாரணமாகக் கைப்பேசிக்குக் காற்று வழியே வரும் புதுப்பிப்பு, மாறிய பகுதிகளை மட்டும் ஒட்டுப் போடும். இதுவோ கூடத்தை அடியோடு புதிதாகக் கட்டுவது, உள்ளறையைத் தொடாது. இந்தத் தொகுப்பின்மேல் நிறுவனத்தின் மின்முத்திரை இடப்பட்டிருக்கிறது. ரிகவரி அறையில் உள்ள வைத்தியர் அம்முத்திரையைச் சரிபார்த்து, மெய்யானது என்று கண்டால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுகிறார். ஆகையால் காவலன் பூட்டைத் திறக்க வேண்டிய அவசியமே நேருவதில்லை.

அழிக்கும் வழி ஒன்று. காக்கும் வழி ஒன்று. இரண்டின் முடிவிலும் கைப்பேசி எழுந்துவிடும். வேற்றுமை உள்ளறையில்தான்.

அன்று இரவு நடந்தது

முதலில் பாட்டரியைச் சோதித்தோம். நெடுநாள் கிடந்த பாட்டரி உப்பியிருந்தால் அதற்கு மின்னேற்றவே கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. நல்ல வேளையாக உப்பவில்லை. பல மணி நேரம் சார்ஜரில் போட்டு வைத்தோம். மடியில் வைக்கும் கம்ப்யூட்டரையும் மின்சாரத்தோடு இணைத்து, அது நடுவில் உறங்கிவிடாதபடி ஏற்பாடு செய்தோம். பழைய தவறை இரண்டாம் முறை செய்வோமா?

பிறகு, பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்னும் சிறு கருவித் தொகுதியைக் கூகிளின் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டோம். கம்ப்யூட்டரிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளையிடும் ஏ.டி.பி. என்ற கருவி அதிலே உள்ளது. அடுத்து, அந்த மாடலுக்குரிய ஓ.டி.ஏ. தொகுப்பு. நெக்ஸஸ் 6-க்குச் செல்லப்பெயர் ஷாமு. பட்டியலில் அப்பெயரைப் பார்த்தே எடுக்க வேண்டும். வேறு மாடலின் தொகுப்பு உதவாது. அன்றியும், கைப்பேசியில் இருந்ததைவிடப் பழைய பதிப்பு கூடாது. அதே பதிப்போ புதிய பதிப்போ வேண்டும். ஆகவே அந்த மாடலுக்கு வந்த கடைசிப் பதிப்பான ஆண்ட்ராய்ட் 7.1.1-ஐத் தேர்ந்தோம்.

தொகுப்பை இறக்கியதும் அவசரப்படவில்லை. அதனருகே 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறி கொடுக்கப்பட்டிருக்கிறது. தொகுப்பில் ஓர் எழுத்துப் பிசகினாலும் இக்குறி முற்றும் மாறிவிடும். நம் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் கிடைத்த குறியையும் தளத்தில் உள்ள குறியையும், விடைத்தாள் திருத்துவதுபோல எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். சரியாக இருந்தது.

கைப்பேசியை அணைத்து, ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினோம். காவலனின் திரை தோன்றியது. ஒலிப் பொத்தானால் ரிகவரி என்ற சொல்லுக்கு நகர்ந்து, பவர் பொத்தானால் அதைத் தெரிந்தெடுத்தோம். மல்லாந்து கிடக்கும் ஒரு பொம்மையும் சிவப்பு அடையாளமும் வந்தன. இதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; வைத்தியரின் அறைக்கதவு அதுதான். பவர் பொத்தானை அழுத்தியபடியே ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை தட்டினால் கதவு திறந்து பட்டியல் வருகிறது. அதில், ஏ.டி.பி. வழியே புதுப்பிப்பை ஏற்றுக்கொள் என்று பொருள்படும் வரியைத் தெரிந்தெடுத்தோம். அதே பட்டியலில், அனைத்தையும் துடைத்துவிடு என்ற வரியும் இருக்கிறது. அங்கே விரல் தவறினால் கதை முடிந்தது. புதல்வி நம் தோள்மேல் சாய்ந்து மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிளை மாட்டினோம். கம்ப்யூட்டர் கைப்பேசியைக் காணவில்லை என்றது! மீண்டும் மாட்டினோம், பயனில்லை. அரை மணி கலங்கிய பிறகு புதல்விதான் கண்டுபிடித்தாள். சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கொண்டு செல்லும். செய்தியைக் கொண்டு செல்லமாட்டா. நாம் மாட்டியது அத்தகைய கேபிள். வேறொன்றை மாட்டியதும், ஸைட்லோட் என்ற சொல்லோடு கைப்பேசியின் எண் கம்ப்யூட்டர் திரையில் தோன்றியது. ஏ.டி.பி. ஸைட்லோட் என்ற கட்டளையையும் தொகுப்பின் பெயரையும் தட்டி, எண்டர் விசையை அழுத்தினோம்.

நூற்றுக்கு 10, 20, 30 என்று எண் ஏறியது. 47-ல் வந்து நின்றது. நம் நெஞ்சும் நின்றது. கேபிளைத் தொடவும் அஞ்சி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிறிது நேரம் கழித்து எண் மறுபடி நகர்ந்தது. காரணத்தைப் பின்னால் அறிந்தோம். வைத்தியர் தொகுப்பை இரண்டு முறை படிக்கிறார்: முதலில் முத்திரையைச் சோதிப்பதற்காக, பிறகு எழுதுவதற்காக. முதல் வாசிப்பு முடியும் இடம் 47. அந்த இடத்தில் பொறுமை இழந்து கேபிளைப் பிடுங்குகிறவர்களும் இருக்கக்கூடும். மேலும், எண் 100-ஐத் தொடாமலே வேலை நிறைவேறிவிடுவதும் உண்டு. கைப்பேசியின் திரையில் முடிந்தது என்ற செய்தி வருகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

செய்தி வந்தது. மறுபடி தொடங்கு என்றோம். வண்ணப் புள்ளிகள் சுழன்றன. நிமிஷங்கள் பல சென்றன. பிறகு, பழைய பூட்டுத் திரை எழுந்தது. அதில் நம் புதல்வியின் மூன்று வயதுப் படம்! குறியீட்டை நினைவுகூர்ந்து விரலால் வரைந்தோம். திறந்துகொண்டது.

குரலைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தோம். தனித் தட்டு ஒன்றில் இன்னொரு நகலும் எடுத்தோம். அதன் பிறகே கேட்டோம். பேத்தியைத் தூங்க வைப்பதற்காகப் பாடிய பாட்டு. அன்று இரவு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை.

மற்றக் கைப்பேசிகளில்

இந்த இரட்டை வழி ஒரு மாடலுக்கு மட்டும் உரியதன்று. ஐபோனை ரிகவரி நிலையில் கம்ப்யூட்டரோடு இணைத்தால், அப்டேட் செய்யவா, ரிஸ்டோர் செய்யவா என்று கேட்கும். அப்டேட் என்பது உள்ளறையைத் தொடாமல் மென்பொருளை மீண்டும் எழுத முயல்வது. ரிஸ்டோர் என்பது அனைத்தையும் அழித்து எழுதுவது. ஆங்கிலச் சொல்லின் பொருளை நம்பி, ரிஸ்டோர் என்றால் எல்லாம் திரும்பி வரும் என்று எண்ணி ஏமாறக் கூடாது. ஐபோனில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் அன்றைய தேதியில் ஒப்பமிடும் பதிப்பை மட்டுமே எழுத முடியும்.

ஸாம்ஸங் கைப்பேசிகளுக்குப் பழுது பார்ப்போர் ஓடின் என்ற கருவியைக் கையாளுகின்றனர். அதில் ஸி.எஸ்.ஸி. என்ற கோப்பைக் கொடுத்தால் உள்ளறை அழியும்; ஹோம் ஸி.எஸ்.ஸி. என்ற கோப்பைக் கொடுத்தால் அழியாமல் எழுதும். ஷாவ்மியின் மி ஃப்ளாஷ் கருவியிலும், அனைத்தையும் அழி, உடைமையைக் காப்பாற்று என்ற இரு வகைத் தேர்வுகளும் அடுத்தடுத்து உள்ளன. பெயர்கள் வேறு, தத்துவம் ஒன்று. கடைக்குச் செல்லும்போது, "அழிக்காமல் எழுதும் வழியை முதலில் பார்த்தீர்களா?" என்று கேட்பதற்கு ஒரு நிமிஷம் போதும்.

இதனால் எல்லா நோயும் தீரும் என்று நாம் சொல்லவில்லை. நினைவுச் சில்லோ மின் பலகையோ உடைந்திருந்தால் மென்பொருளால் ஆவது ஒன்றுமில்லை. எழுந்த கைப்பேசியும் இளைஞனாகிவிடுவதில்லை. நெக்ஸஸ் 6-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2017-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. பாங்குக் கணக்கை அதில் திறப்பது தகாது. நம் வீட்டில் அது இப்போது இணையத் தொடர்பில்லாமல், பாட்டுக் கேட்கும் பெட்டியாக இருக்கிறது.

உடைமை என்பது எது?

காந்தியடிகள் 1924-ஆம் ஆண்டில் யந்திரங்களைப் பற்றி இராமச்சந்திரன் என்ற இளைஞரோடு உரையாடியபோது, தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார். யந்திர மோகத்தைக் கண்டித்த அவர், மனிதனின் உழைப்பை இலேசாக்கும் அந்தச் சிறு கருவியை வெறுக்கவில்லை. அந்த யந்திரம் பழுதானால் வீட்டுப் பெண்மணியே ஊசி மாற்றுவாள், எண்ணெய் விடுவாள், பட்டையை இழுத்துக் கட்டுவாள். விலை கொடுத்து வாங்கியதனால் மட்டும் ஒரு பொருள் நமதாகிவிடாது. செப்பனிட முடிந்தால்தான் முற்றும் நமதாகும்.

இந்த எண்ணம் இன்று அரசாங்கங்களின் செவிக்கும் எட்டியிருக்கிறது. பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய 2022 ஜூலையில் இந்திய நுகர்வோர் நலத்துறை ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் தேதி அதற்கென ஓர் இணையவாயிலும் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு வழங்க வேண்டும் என்கின்றன. இவை நல்ல தொடக்கங்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் அதன் மூல மென்பொருளை, அழிக்கும் வடிவிலும் காக்கும் வடிவிலும், யாரும் பெறத்தக்க இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் விதியாக வேண்டும் என்பது நம் கோரிக்கை. நமக்கு அந்தத் தொகுப்பு பொதுவில் கிடைத்தது. அதனால்தான் ஒரு குரல் பிழைத்தது.

ஆனால் அரசாங்கம் விதி செய்யும் வரையில் காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் எந்தக் கைப்பேசியில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அதற்கு இரண்டு நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இழுப்பறையில் பேசாமல் கிடக்கும் கைப்பேசி இருந்தால், அதை எறிவதற்கு முன்னால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.